உண்டியலில் தொடங்கும் சேவை

வெளிநாடு சென்று தொண்டு செய்யக் கிளம்பும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் அவர்களுடைய நல்ல மனத்தைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கொஞ்சம் கறாரானவர்கள், போன இடத்தில் என்ன செய்தார்கள் என்றும் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் நடந்து முடிந்துவிடுகிற ஒன்றை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. அதுதான் வசூல். பயணத்துக்கான பணத்தை யாரிடம் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள், எதற்குச் செலவிடுவதாகக் கணக்குக் காட்டினார்கள் என்பதெல்லாம் தொண்டுக்கு முந்தைய சில்லறை வேலை என்று நினைக்கிறோம். நான் இன்று சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது. ஒரு தொண்டுப் பயணம் யாருக்குப் பயன்படப் போகிறது என்பது பெரும்பாலும் வசூலின்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே பயண ஏற்பாட்டின் முதல் பாடம் வசூல்தான். அந்த வசூலும், போகிற ஊரார் என்ன கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டொராண்டோவிலும் லண்டனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் தொண்டுக்கு வருகிற காலம் இது. எனவே இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920-இல், ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரசோல் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை அடுத்த ஒரு சிதைந்த கிராமத்தில் சில நாட்டுத் தொண்டர்களைக் கூட்டி வீடுகளைச் சீரமைக்கத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேசக் குடிமைச் சேவை இயக்கம். 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தபோது அவரே இந்தியாவுக்கு வந்தார். அவரோடு வந்த ஐரோப்பியர் மிகச் சிலர். கிராமத்தாரோடு சேர்ந்து, வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில் ஊர்களை மீண்டும் எழுப்பும் வேலையில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டார்கள். பிரிட்டனில் 1958-இல் அலெக் டிக்சன், வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் வி.எஸ்.ஓ. அமைப்பைத் தொடங்கினார். 1961-இல் கென்னடி, தொண்டர் அமைப்பான அமெரிக்க அமைதிப் படையை (பீஸ் கோர்) உருவாக்கினார். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் வந்தது. குறைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அமைதிப் படையிலும் ஐ.நா. திட்டத்திலும் ஓர் அடிப்படை அமைப்பு ஒன்றுபோல இருக்கிறது. ஆள் வேண்டும் என்று கேட்பது வரவேற்கும் தரப்பு. தகுதி பார்த்துத் தேர்ந்தெடுப்பது அனுப்பும் தரப்பு. தொண்டருக்கு வாழ்க்கைப்படி கிடைக்கிறது. அவர் கட்டணம் கட்டி இடம் பிடிப்பதில்லை. அமைதிப் படையில் சில மாதப் பயிற்சியும் அதன்பின் இரண்டாண்டுப் பணியும் என்பது பொது விதி.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இதற்கு அருகிலேயே வேறொரு வழி பெரிதாக வளர்ந்தது. இரண்டு வாரம், நான்கு வாரம் என்று குறுகிய கால இடங்களைப் பயண நிறுவனங்கள் விற்கின்றன. போகிறவர் கட்டணம் செலுத்துகிறார். அந்தக் கட்டணத்துக்காகத்தான் நிதி திரட்டல்: உறவினருக்குக் கடிதம், கல்லூரியில் தின்பண்ட விற்பனை, நடைப்பயணம், இணையத்தில் கூட்டு நிதி. இங்கே ஓர் எளிய பொருளாதார விதி வேலை செய்கிறது. காசு கொடுப்பவர்தான் வாடிக்கையாளர். அவர் திருப்தியோடு திரும்பினால்தான் அடுத்த ஆண்டு ஆள் வரும். எனவே நிறுவனம் வடிவமைப்பதெல்லாம் அவருக்கு ஏற்ற வேலை: தகுதி கேட்காதது, வந்த அன்றே தொடங்கக்கூடியது, மனத்தை நெகிழவைப்பது, படம் எடுக்க உகந்தது. கிணற்று நீரைப் பரிசோதிப்பதோ, கூட்டுறவுச் சங்கக் கணக்கைச் சரிபார்ப்பதோ அந்தப் பட்டியலில் வராது. குழந்தைகளோடு விளையாடுவது வரும். சுவருக்கு வண்ணம் பூசுவது வரும். 2007-இல் வி.எஸ்.ஓ. அமைப்பே இதைக் கண்டித்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே எடுக்கும் இத்தகைய இடைவெளி ஆண்டுத் திட்டங்கள் புதிய காலனியத்தில் போய் முடியும் என்று எச்சரித்தது. அந்த வி.எஸ்.ஓ.வும் பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அனுப்பித் தொடங்கிய அமைப்புதான். பிறகு தேர்ச்சி பெற்றவர்களை அனுப்பும் அமைப்பாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

வாடிக்கையாளருக்கு ஏற்பச் சரக்கு உருவாகும் என்பதற்குக் கம்போடியாவைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அந்நாட்டில் குழந்தைகள் காப்பகங்கள் 75 சதவீதம் பெருகின. அப்போது புதிய போரோ பெரும் பஞ்சமோ அங்கே இல்லை. பெருகியது சுற்றுலா. அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் சியம் ரீப்பிலும், தலைநகர் நோம் பென்னிலும் காப்பகங்கள் அடர்ந்து எழுந்தன. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்பதை யுனிசெஃப் ஆய்வு வெளிப்படுத்தியது. ஏழைப் பெற்றோரிடம் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். நேபாளத்திலும் இதே கதைதான். 1996 முதல் 2006 வரை நீடித்த உள்நாட்டுப் போரில், ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களின் பெற்றோர், பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்று தரகர்களிடம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் போய்ச் சேர்ந்தது காத்மாண்டுவின் காப்பகங்களுக்கு. அனாதை என்று காட்டினால்தான் வெளிநாட்டார் வருவார்கள், காசும் வரும். நல்ல மனத்தோடு உண்டியல் குலுக்கிய மாணவர், தன்னையறியாமல், குடும்பத்திலிருந்து குழந்தையைப் பிரிக்கும் ஒரு சந்தைக்குத் தேவையை உண்டாக்கிக் கொடுத்தார். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது இந்தக் காப்பகக் கடத்தலும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் காப்பகங்களில் தன்னார்வச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு நேரும் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

வசூலின் மொழிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தெரிந்தவர்களிடம் கேட்கும் பணம் பெரும்பாலும் முகதாட்சண்யத்துக்காக வருகிறது. சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமியும் கொடுப்பது கேட்கிற பிள்ளையின் முகத்துக்காக. கம்போடியக் கிராமத்தின் தேவையை ஆராய்ந்து கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு நியாயம் காட்டியாக வேண்டும். அதனால் போகிற இடத்தின் வறுமை கடிதத்தில் ஒரு சுற்றுப் பெருக்கிறது. ஒரு நாட்டின் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊராட்சியும் அந்தக் கடிதத்திலிருந்து காணாமல் போகிறார்கள். கையேந்தும் குழந்தை மட்டும் எஞ்சுகிறது. 2012-இல் நார்வே மாணவர்களின் உதவி அமைப்பு ஒன்று இதைக் கேலி செய்து ஒரு காணொளி வெளியிட்டது. குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்க மக்கள் இரக்கப்பட்டு வெப்பமூட்டிகளைத் திரட்டி அனுப்புவதாகக் கதை. உலகம் சிரித்தது, சிரித்தவர்களுக்கு உறைத்ததும் உண்டு. பிரிட்டனின் காமிக் ரிலீஃப் அமைப்பு, புகழ்பெற்றவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் பிடித்து நிதி கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவதாக 2020-இல் அறிவித்தது. இரக்கத்தைத் தூண்டி வாங்கிய பணத்தோடு போகிறவர், போன இடத்தில் அந்த இரக்கத்துக்குரிய காட்சியைத் தேடிப் படம் எடுத்து அனுப்பக் கடன்பட்டவராகிறார். அவருடைய கண் அங்கேயே பழுதாகிவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 1998-இல் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைச் சூறையாடிய பிறகு, ஹோண்டுரஸில் வீடு கட்டித்தர வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் அணி அணியாக வந்தன. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் இந்த வீடுகளை ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் செலவு. வந்து போன குழு கட்டிய வீட்டுக்கு, அவர்களுடைய விமானக் கட்டணத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 30,000 டாலர். அதாவது ஒரு வீட்டுக்கான செலவில் பதினைந்து வீடு எழுந்திருக்கும். பதினைந்து வீடும் கட்டியிருக்கக்கூடியவர்கள் அந்த ஊர்க் கொத்தனார்கள். கூலியும் அங்கேயே தங்கியிருக்கும். வெளியார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. இந்த விகிதம் எல்லாப் பயணத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதையே பெரும்பாலான வசூல் கடிதங்கள் சொல்வதில்லை. "வீடு கட்ட உதவுங்கள்" என்று கேட்டு வாங்கிய பணத்தின் பெரும்பகுதி விமான நிறுவனத்துக்குப் போகிறதென்றால், கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும். பயணம் இல்லையென்றால் அந்தப் பணமே வந்திருக்காதே, பதினைந்து வீட்டுக்கான காசை யார் கொடுத்திருப்பார்கள் என்பார்கள். நியாயமான கேள்விதான், முகதாட்சண்யத்தைப் பற்றி நான் சொன்னதே இதற்குச் சான்றாகும். போய் வந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் கொடையாளர்களாக இருப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வெர் பீக் இதையும் விடவில்லை. போய் வந்தவர்களில் பலர், தங்கள் கொடை கூடியிருக்கிறது என்று சொன்னார்கள். கணக்கேட்டைப் பார்த்தபோது அந்த அளவுக்கு உயர்வு தெரியவில்லை. ஆகவே எதிர்காலக் கொடை என்ற வாக்குறுதியை வைத்து இன்றைய செலவை நியாயப்படுத்த முடியாது. முதல் பகுதிக்கு என் விடை இது: அந்தப் பணம் பயணத்துக்காக மட்டுமே வருமென்றால், பயணச் செலவு என்று பெயர் சொல்லியே வாங்குங்கள். உறவினர் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். தேவையுள்ளவர் பெயரில் வாங்கி, தேவையுள்ளவரிடம் போய்ச் சேராத காசுதான் குற்றம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பயன் ஊருக்கு இல்லாவிட்டாலும் போகிற பிள்ளைக்கு உண்டு. உலகம் தெரிகிறது, கர்வம் குறைகிறது, வேறொரு மொழியின் முன் வாயடைத்து நிற்கும் அனுபவம் கிடைக்கிறது என்பார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சமூகச் சிந்தனையாளர் இவான் இலிச்சும் இதை மறுக்கவில்லை. 1968-இல், கோடையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன்னால், அவர்கள் அழைத்ததன் பேரிலேயே, அவர் மிகக் கடுமையாகப் பேசினார். உதவ வராதீர்கள், பார்க்கவும் படிக்கவும் வாருங்கள் என்பதே அதன் சாரம். கற்பது உயர்ந்த நோக்கம். அப்படியானால் அதைக் கல்வி என்றே அழைப்போம். கல்விக்குரிய பணிவோடு போவோம்; கற்றுத்தருகிற ஊருக்குக் கட்டணம் கொடுப்போம். மாணவராகப் போகிறவர் ஆசிரியராக வேடம் போடும்போதுதான் சிக்கல் எழுகிறது. பயிற்சியில்லாத ஒருவர் மூன்று வாரம் நடத்திய வகுப்பு முடிந்ததும், அடுத்த குழு வந்து மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறது. குழந்தை ஆண்டு முழுவதும் அதே வணக்கத்தையும் அதே வண்ணப் பெயர்களையும் கற்கிறது. நிரந்தர ஆசிரியரின் பாடத்திட்டம் குலைகிறது.

மூன்றாவது மறுப்பு: பேரிடர் வரும்போது தகுதி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பேரிடரில்தான் கட்டாயம் பார்க்க வேண்டும். 2010 ஜனவரியில் ஹைட்டியின் தலைநகர் நிலநடுக்கத்தில் நொறுங்கியபோது, ஒரே ஓடுபாதை கொண்ட விமான நிலையம் உதவ வந்தவர்களாலேயே திணறியது. பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகளையும் சேர்த்து 33 பேரை அனாதைகள் என்று எல்லை கடத்திக் கொண்டுபோக முயன்ற ஓர் அமெரிக்கத் தேவாலயக் குழு அங்கே கைதானது. அந்த அனுபவத்துக்குப் பிறகே, வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவக் குழுக்களுக்கான தரவரிசையையும் குறைந்தபட்சத் தகுதிகளையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வகுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்து மழையில் மக்கிய பழைய துணிகளைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அனுப்பியவர்களின் மனம் நல்ல மனம்தான். மீனவக் குடும்பங்கள் பழம்புடவை கேட்டார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை; அவ்வளவே. பொருளுக்கு நடந்தது ஆளுக்கும் நடக்கும்.

நான்காவது மறுப்பு எனக்கே மிகவும் கனமாகப் படுகிறது. கற்றலுக்கான செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தானே உலகத்தைப் பார்ப்பார்கள்? உண்மை. ஆனால் இதற்குத் தீர்வு, ஏழை மாணவரைத் தெருத்தெருவாகக் கண்ணீர்க் கதை சொல்ல வைப்பதல்ல. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பணியாற்றுவோருக்குப் படி கிடைக்கிறது. வீட்டிலிருந்தபடியே இணையவழியில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுப் பணி செய்யவும் அங்கே வழி இருக்கிறது. கல்லூரிகளும் சங்கங்களும் பத்துப் பேரைப் பத்து நாள் அனுப்பும் பணத்தில், தகுதியுள்ள ஒருவரை ஓராண்டு அனுப்பலாம். தேர்வு திறந்த போட்டியாக நடக்கட்டும். அப்போது பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனிச் சலுகையும் இருக்காது. போகிறவர்களின் எண்ணிக்கை குறையும் என்று வருந்துவோர் உண்டு. குறையட்டும். தலைக்கணக்கைக் காட்டிப் பெருமைப்படுவது அனுப்புகிறவர்களின் தேவை. பெறுகிற ஊருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

அப்படியானால் சரியான வசூலும் ஏற்பாடும் எப்படி இருக்க வேண்டும்? முதல் படி, வரவேற்கும் அமைப்பிடமிருந்து எழுத்தில் ஒரு வேண்டுகோள். என்ன வேலை, என்ன தகுதி, எத்தனை மாதம், அதை ஏன் உள்ளூர் ஆள் செய்ய முடியாது என்ற நான்குக்கும் அதில் விடை வேண்டும். நான்காவதற்கு விடை இல்லையென்றால் பயணத்தைக் கைவிட்டு, உள்ளூர் ஆளுக்கான சம்பளத்தைத் திரட்டி அனுப்பலாம். அதைவிடச் சிறந்த தொண்டு கிடையாது. குழந்தைகளோடு வேலை என்றால், காவல் துறைச் சான்றிதழ் கேட்காத அமைப்போடு சேரவே கூடாது. உங்களை விசாரிக்காத வாசல் வேறு யாரையும் விசாரித்திருக்காது. இரண்டாவது, வசூல் கடிதத்தில் செலவை மூன்றாகப் பிரித்துக் காட்டுவது: பயணமும் காப்பீடும் ஒன்று, தங்குமிடமும் சாப்பாடும் ஒன்று, ஊரில் நடக்கும் வேலைக்கு நேரடியாகப் போவது ஒன்று. எந்தத் தலைப்புக்குக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். பயணம் ரத்தானால் பணம் என்னாகும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அமைதிப் படை 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 தொண்டர்களை ஒரே வீச்சில் திரும்ப அழைத்துக்கொண்டது. தொண்டர் இல்லாமல் அந்த வேலை நடக்குமா என்பதைப் பணி தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

மூன்றாவது, உடலும் ஆவணமும் மொழியும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும், பல நாடுகளில் சட்ட மீறல். மாட்டிக்கொண்டால் வரவேற்ற அமைப்புக்கும் சேர்த்துத் தொல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போய்வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால், அரசு அங்கீகரித்த மையத்தில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அத்தகைய மையம். சான்றில்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால், இந்தியாவிலேயே தனிமைப்படுத்தப்பட நேரும். நோயுற்றால் ஊர் கொண்டுவந்து சேர்க்கும் காப்பீடு இல்லாமல் போகிறவர், உதவ வந்த ஊரின் மருத்துவமனைக் கட்டிலையே பிடித்துக்கொள்ள நேரலாம். மொழியை ஓரளவாவது கற்காமல் போவது, மொழிபெயர்க்க ஓர் உள்ளூர் ஊழியரின் நேரத்தைத் தின்பதாகும். மனத்துக்கும் பயிற்சி வேண்டும். 1961 அக்டோபரில், அமைதிப் படையின் முதல் ஆண்டிலேயே, நைஜீரியாவின் இபாடான் நகரத்தில் ஒரு தொண்டர் அந்த ஊரின் வாழ்க்கை நிலையை இழிவாக விவரித்து நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டை மாணவர்கள் கையில் சிக்கியது. பல்கலைக்கழகமே கொதித்தது, அவர் நாடு திரும்ப நேர்ந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஆயிரம் அஞ்சலட்டைகளுக்குச் சமமான கைபேசி இருக்கிறது. ஊராரிடம் படித்துக் காட்டக் கூசுகிற எதையும் எழுதாதிருப்பது, அவர்கள் சம்மதமில்லாமல் எவர் முகத்தையும் வெளியிடாதிருப்பது என்ற இரண்டு விதிகளை வசூல் கடிதத்திலிருந்தே கடைப்பிடிக்கலாம்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் தொண்டுள்ளமே வறண்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பீகாருக்கு வந்த செரசோலின் குழுவில் ஆட்கள் குறைவு, ஆண்டுகள் அதிகம். நல்ல மனம் என்பது முதலீடு. அதைக் கணக்கில்லாமல் செலவிட்டால் கரைந்துபோகும். உங்களிடம் நாளை ஒரு மாணவர் வந்து, தொண்டுப் பயணத்துக்குப் பணம் கேட்டால் விரட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: உன்னைக் கேட்டவர் யார்? இந்தக் காசில் அவர்கள் கைக்குப் போவது எவ்வளவு? நீ திரும்பிய பிறகு அந்த வேலையைச் செய்யப் போவது யார்? விடை சொல்லத் தெரிந்தவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். தெரியாதவரை, விடையோடு வரச் சொல்லி அனுப்புங்கள். கொடுப்பவர் கறாராக இருந்தால் அனுப்பும் நிறுவனமும் கறாராகும். கம்போடியாவில் காப்பகங்களைப் பெருக்கியது நம்மைப் போன்ற கொடையாளர்களின் கேள்வி கேட்காத காசு என்றால், அவற்றைக் குறைக்கும் ஆற்றலும் நம் கேள்விகளுக்கு உண்டு.